மூன்றாம் பெட்டி

பேராசிரியர் வேங்கடாசலத்துக்கு மாடு என்பது ஓர் எழுத்து. நோய் இன்னும் தொடாத மாடு எஸ். நோயில் கிடக்கும் மாடு ஐ. தேறி எழுந்த மாடு ஆர். பலகையில் மூன்று பெட்டி வரைவார், பெட்டிக்குப் பெட்டி ஓர் அம்புக்குறி போடுவார், அம்புக்குறியின் தலையில் ஒரு கிரேக்க எழுத்தை உட்கார வைப்பார், பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து தாமே அதை ரசிப்பார். நிஜ மாட்டை அவர் கிட்டத்தில் பார்த்தது ஒரே ஒரு தடவை, அலிபிரி ரோட்டில், அவருடைய காருக்கு வழிவிடாமல் ஒன்று நின்றபோது. அன்று வகுப்புக்கு இருபது நிமிடம் தாமதமாக வந்து, ஊருக்குள் மாடு வளர்ப்பதையே தடை செய்ய வேண்டும் என்றார்.

நான் அவரிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவி. பெயர் தரணி. திருப்பதியில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் எதற்கு, அது பாட்டுக்கு இருக்கட்டும். அவரைப் பற்றி இவ்வளவு எகத்தாளமாக எழுதுகிறேனே, அன்றைக்கு நான் அவரைவிட ஒரு அங்குலம்கூட உயர்ந்தவளாக இல்லை. எனக்குச் சாணி நாற்றம் பழக்கம், அவருக்குப் பழக்கமில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

மாடுகளுக்குத் தோல் கழலை நோய் பரவிக்கொண்டிருந்த வருடம் அது. உடம்பெங்கும் கட்டி கட்டியாக எழும்பி, ஜுரம் வந்து, கால் வீங்கி மாடு படுத்துவிடும். சித்தூர் மாவட்டம் முழுக்க இதே பேச்சு. தடுப்பூசி மருந்து போதுமான அளவு இல்லை, இருப்பதை எந்த ஊர்களுக்கு முதலில் அனுப்புவது என்று மாவட்ட அதிகாரிகள் கேட்டார்கள். எங்கள் பேராசிரியர், அதை என் மூன்று பெட்டிகள் சொல்லும் என்றார். தினமும் எத்தனை மாடு முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதற்குப் போகிறது, இரண்டாவதிலிருந்து எத்தனை மூன்றாவதற்குப் போகிறது என்று தெரிந்துவிட்டால் போதும், நோய் எங்கே ஏறும், எங்கே தானாக அடங்கும் என்று சொல்லிவிடலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. நல்ல கணக்கு. பெட்டிக்குள் சரியான மாட்டைப் போட வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி.

ஊர் ஊராகப் போய் விவரம் சேகரித்து வர யஸ்வந்த் என்ற முதலாம் ஆண்டு மாணவனையும் அவனுடைய நண்பர்கள் நாலு பேரையும் அனுப்பினோம். எல்லோரும் திருப்பதி டவுனில் பிறந்த தெலுங்குக்காரர்கள். கையில் ஆளுக்கொரு போன். மாட்டுக்காரரிடம் "உங்க மாடு இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் குரலாகப் பதிவு செய்துகொண்டு வர வேண்டும். ஒரு மாட்டுக்கு ஒரு பதிவு. தெலுங்கில் வந்ததை அவர்களே கேட்டுப் பெட்டி பிரித்தார்கள், செத்ததைத் தனியாக எண்ணி வைத்தார்கள். நகரி, புத்தூர் பக்கத்து எல்லை கிராமங்கள் பதினாலிலிருந்து தமிழில் வந்த நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகளை என் தலையில் கட்டினார்கள்.

அந்தப் பதினாலில் ஒன்று எங்கள் ஊர். ஆறு வயதில் அங்கிருந்து வந்துவிட்டேன். நைனாவுக்குத் திருப்பதி பஸ் டிப்போவில் வேலை கிடைத்ததும் நாங்கள் குடிபெயர்ந்தோம். அவருடைய அக்கா சந்திரம்மா, என் அத்தை, அங்கேயே இருந்துவிட்டாள். வருடத்துக்கு ஒரு தடவை ஜாத்திரைக்குப் போவேன், பாய் இல்லாமல் உட்கார மாட்டேன், தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டு போவேன். அவர்கள் பேசும் தமிழைக் காலேஜில் தோழிகளிடம் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பேன். "இன்னா துன்னே?" என்று ஆரம்பித்தாலே அக்ஷயா வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். இப்படிப்பட்ட நிபுணியிடம்தான் அந்த நானூற்றுப் பன்னிரண்டு வந்து சேர்ந்தது.

வேலையை ஒரே மதியத்தில் முடித்தேன். அந்த ஜனங்களுக்கு இந்த நோய் நோயே இல்லை, அம்மை. அம்மை என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், "அம்மா வந்துக்கினா" என்பார்கள். மாட்டுக் கொம்பில் வேப்பிலை கட்டி, தாளிப்பு வாசம் வராமல் சமைத்து, அடங்கிப்போய் உட்கார்ந்திருப்பார்கள். இருபத்தோராம் நூற்றாண்டில் வைரஸை அம்மா என்று கும்பிடுகிற கூட்டம் என்று சலித்துக்கொண்டே ஒரு சொல் பட்டியல் தயாரித்தேன். "அம்மா வந்துக்கினா" என்றால் ஐ. "தண்ணி ஊத்தியாச்சு" என்றால் ஆர். இது எனக்குத் தெரியும், ஒன்பது வயதில் எனக்கே அம்மை போட்டு, இறங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்கள். மூன்றாவதாக ஒரு சொல் அடிக்கடி வந்தது. "குளுந்துட்டா." குளிர்ந்துவிட்டாள். ஜுரம் இறங்கி உடம்பு குளிர்ந்துவிட்டது, வேறென்ன? அதுவும் ஆர். யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, என் தாய்மொழி.

முடிவு வந்தபோது பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். தெலுங்கு கிராமங்களில் நோய் வந்த நூறு மாட்டுக்குப் பத்தொன்பது சாவு. தமிழ் கிராமங்களில் இரண்டு. ஒரே மழை, ஒரே ஈ, ஒரே புல், நடுவில் ஒரு வாய்க்கால். இந்தப் பக்கம் மாடு சாகிறது, அந்தப் பக்கம் தேறிவிடுகிறது. வேறு யாராக இருந்தாலும் விவரத்தில் எங்கோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் நினைக்கவில்லை, நாங்கள் படித்தவர்கள். எல்லைப் பக்கத்து மாடுகளுக்கு ஏதோ பரம்பரை எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று பேராசிரியர் கண்டுபிடித்தார். சமன்பாட்டில் அதற்கென்று புதிதாக ஓர் எண்ணைச் சேர்த்து, எல்லைக் கெழு என்று ஆங்கிலத்தில் பெயரும் சூட்டினார். கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினோம். அவர் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. அன்று மத்தியானம் நானே துறைக்கு ஸ்வீட் வாங்கி வைத்தேன்.

அடுத்த வாரம் சித்தூரில் கூட்டம். மாங்காய் லாரிகள் மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசல்களில் வரிசை கட்டி நின்றதால் எங்கள் கார் ஊருக்குள் நுழையவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஹாலில் பெரிய அதிகாரி, சின்ன அதிகாரிகள், மண்டலத்துக்கு ஒரு கால்நடை டாக்டர், ஆளுக்கொரு மாம்பழ ஜூஸ் பாக்கெட். திரையில் என் வரைபடம். பதினாலு தமிழ் கிராமங்களும் பச்சை நிறத்தில் இருந்தன. அங்கே மாடுகளில் பெரும்பாலானவை நோய் வந்து தேறி எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டன, ஊசி வீண், மருந்தை மற்ற இடங்களுக்கு அனுப்பலாம் என்று விளக்கினேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கால்நடை டாக்டர், பெயர் பிரேமலதா. காலில் ரப்பர் செருப்பு, விரலிடுக்கில் ஊதா மருந்துக் கறை. கூட்டம் தெலுங்கில் நடந்தது, தமிழில் சொல்கிறேன்.

"சார், இந்தப் பச்சை ஊர்கள்ல மாடு செத்துக்கிட்டே இருக்கு. எங்க ஊர்களுக்குத்தான் முதல்ல மருந்து வேணும்."

"உங்கள் பதிவேட்டில் எத்தனை சாவு?" என்று நான் கேட்டேன். பதில் எனக்குத் தெரியும், அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"ஒன்பது."

"பதினாலு ஊருக்கும் சேர்த்து?"

"ஆமாம். ஊர்ல அம்மா இருக்கும்போது அந்த வார்த்தையை யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. எழுதியும் கொடுக்க மாட்டாங்க. நீங்க வந்து குழியை எண்ணிப் பாருங்க."

"குழியை எண்ணுவதற்கு எங்கள் மாடலில் பெட்டி கிடையாது மேடம்" என்றேன்.

ஹால் சிரித்தது. பேராசிரியர் சிரித்தார். பெரிய அதிகாரி ஜூஸ் உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். பிரேமலதா இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். வந்த மருந்தெல்லாம் மற்ற ஊர்களுக்குப் போயிற்று. திரும்பும் வழியில் பேராசிரியர் என் சாமர்த்தியத்தைப் புகழ்ந்துகொண்டே வந்தார், எனக்கும் தலைகால் புரியவில்லை.

பதினேழு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, அத்தையிடமிருந்து போன் வந்தது. கட்டுரைக்குப் படம் திருத்திக்கொண்டிருந்தேன். எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எடுத்தேன், எப்போதும் கல்யாணப் பேச்சுதான் எடுப்பாள். அவளிடம் இரண்டு மாடு. லட்சுமி என்ற கறவை மாடு, செவலை என்ற கிடாரி.

"தரணி, லட்சுமி குளுந்துட்டாடி" என்றாள்.

"அப்படியா? நல்லதாப் போச்சு அத்தை."

"இன்னா சொன்னே?"

"நல்லதாப் போச்சுன்னேன். ஜுரம் எறங்கிடுச்சு இல்ல? இனிமே பயமில்ல."

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆறு வருசம் என் கையால தவுடு துன்ன மாடு" என்றாள் அத்தை. "ஏரிக்கரையில ஜேசிபி குழி நோண்டிக்கினு இருக்குது. நான் இங்க நின்னுக்கினு உனக்குப் போன் பண்றேன். உங்க நைனாகிட்ட ஒரு வார்த்த சொல்லுன்னு. மிச்சம் செவலை ஒண்ணுதான், எங்க ஊருக்கு மட்டும் ஊசி இல்லியாமே, நீ படிச்சவளாச்சே, யாரையாவது கேட்டு வாங்கிக் குடுப்பேன்னு. நல்லதாப் போச்சா?"

வைத்துவிட்டாள். எனக்கு முதலில் வந்தது துக்கம்கூட இல்லை, அந்தச் சொல் எத்தனை பதிவில் வந்தது என்ற எண்ணம். தேடினேன். தொண்ணூற்றாறு.

தொண்ணூற்றாறையும் மறுபடி போட்டுக் கேட்டேன். முன்பு வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்டிருந்தேன், நேரம் மிச்சமாகட்டும் என்று. இப்போது சாதாரண வேகத்தில் கேட்டால், ஒவ்வொருவரும் அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் நிறுத்தினார்கள். குரல் தாழ்ந்தது. ஒரு கிழவர் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். ஒரு பெண் சொல்ல முடியாமல் போய், பக்கத்திலிருந்தவர் எடுத்துச் சொன்னார். "குளுந்துட்டா. புதைச்சாச்சு" என்றே ஒருவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். முதல் சொல்லிலேயே ஆர் என்று தட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவியிருக்கிறேன். டவுனில் அம்மை வந்தால் மாத்திரை போட்டு எழுந்துவிடுவார்கள். அதில் செத்தவர்களை, செத்தார்கள் என்று சொல்லக்கூடாது என்று இன்னொரு சொல் வைத்துக் காப்பாற்றுகிற வீட்டில் நான் வளரவில்லை. ஆனாலும் என் தாய்மொழி என்று மார் தட்டிக்கொண்டேன். அக்ஷயாவைச் சிரிக்க வைக்க எனக்குத் தெரிந்த தமிழ் போதும், இதற்குப் போதவில்லை.

பேராசிரியரிடம் ஓடினேன். பொறுமையாகக் கேட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"ஆர் என்றால் என்ன?" என்றார்.

"ரிகவர்ட். தேறியவை, சார்."

"சில புத்தகங்களில் ரிமூவ்ட் என்று இருக்கும். நீங்கியவை. தேறினாலும் நீங்கியதுதான், செத்தாலும் நீங்கியதுதான். நோயைப் பரப்பாது, அவ்வளவுதான் நமக்கு வேண்டும். அம்புக்குறி மாறாது. வளைகோடு மாறாது. ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை பார்."

அவர் சொன்னது சரி. அதுதான் கொடுமை. பலகையில் அந்த மனிதரை யாராலும் மடக்க முடியாது.

"சார், செத்த மாட்டையெல்லாம் எதிர்ப்புச் சக்தி உள்ள மாடு என்று எண்ணித்தான் அந்த ஊர்களுக்கு ஊசி வேண்டாம் என்று சொன்னோம். மிச்சம் இருக்கிற மாடுகளுக்கு நோய் இன்னும் வரவே இல்லை. எல்லைக் கெழு என்று ஒன்று கிடையாது."

"கட்டுரை பரிசீலனையில் இருக்கிறது தரணி" என்றார். அதை அவர் சொன்ன விதத்தில், ஐசியூவில் இருக்கும் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஒரு கனிவு இருந்தது. மாட்டுக்கு அந்தக் கனிவில் கால்வாசி கிடைத்திருக்கலாம்.

அவரைத் தாண்டி நானே சித்தூர் அதிகாரிக்கு எழுதினேன். என் சொல் பட்டியல் தப்பு, தொண்ணூற்றாறு சாவுகளைத் தேறியதாகக் காட்டிவிட்டேன், தயவுசெய்து மருந்து அனுப்புங்கள். அதிகாரி போனில் கூப்பிட்டார். அன்று ஜூஸோடு சிரித்தவர், இப்போது சிரிக்கவில்லை.

"போன மாசம் அந்த வார்த்தைக்குத் தேறிடுச்சுன்னு அர்த்தம் சொன்னீங்க. இப்போ செத்துடுச்சுங்கறீங்க. அடுத்த மாசம் என்ன சொல்லுவீங்க? இனிமே உங்க பட்டியலை நம்ப முடியாது. மாட்டுக்காரங்க அவங்க வாயால, சந்தேகமில்லாத வார்த்தையில செத்துடுச்சுன்னு சொல்லணும். குரல் பதிவு வேணும். ஊருக்கு அஞ்சு பேராவது. கொண்டு வாங்க, வெள்ளிக்கிழமை மருந்து அனுப்பறேன்."

அவரையும் குறை சொல்ல முடியவில்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன்.

பிரேமலதாவிடம் போய் நின்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அவளுக்கு அதற்கு நேரம் இல்லை. ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்த மருந்துப் பெட்டியை முன்னால் நகர்த்தி, "ஏறு" என்றாள். எங்கள் ஊரிலேயே ஆரம்பித்தோம்.

காலையிலிருந்து எட்டு வீடு. எட்டு வீட்டிலும் "குளுந்துட்டா". வேறு மாதிரி சொல்லுங்கள் என்று கெஞ்சினால், போனைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மா ஊருக்குள் இருக்கும்போது அந்தச் சொல்லைச் சொன்னால் கோபம் கொண்டு மிச்சத்தையும் எடுத்துக்கொள்வாள். கொட்டகையில் இன்னும் உயிரோடு ஒரு மாடு நிற்கும்போது யார் துணிவார்கள்? ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் இவர்களை ஒதுக்கியிருப்பேன். இப்போது ஒதுக்க எனக்கு யோக்கியதை இல்லை. இவர்கள் சொன்னதைத்தான் சொன்னார்கள், தப்பாக எழுதியவள் நான், அதற்கு நஷ்டஈடாக இவர்கள் பயப்படுகிற ஒன்றையே கேட்டு வந்து நிற்கிறேன். ஒன்பதாவது வீடு அத்தையுடையது.

அத்தை என்னை உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. பிரேமலதாவுக்கு மட்டும் சொம்பில் மோர் கொண்டுவந்தாள். லட்சுமியைக் கட்டியிருந்த முளையில் கயிறு சுருட்டிக் கிடந்தது. பக்கத்தில் செவலை, ஒரு கட்டிகூட இல்லாத மினுமினுப்பான தோலோடு, வைக்கோலை இழுத்து மென்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மணியம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் வேலியோரம் வந்து நின்றார்கள்.

"டாக்டரம்மா எல்லாம் சொல்லிச்சு" என்றாள் அத்தை. "எங்க ஊருக்கு ஊசி வோணாம்னு மீட்டிங்குல படம் காட்டினது நீதானாமே."

"ஆமா அத்தை."

"பொதைச்ச மாட்டெல்லாம் பொழைச்சுதுன்னு எழுதினியாமே."

"தெரியாம எழுதிட்டேன்."

"தெரியலன்னா கேக்கறதுக்கு இன்னா? ஒரு போன் பண்ணி, அத்தே, இதுக்கு இன்னா அர்த்தம்னு கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லிடுவேன்?"

கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை, கேட்கத் தகுந்த ஆளாக உன்னை நான் நினைக்கவில்லை, அதுதான் உண்மை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அத்தை செவலையிடம் போனாள். அதன் நெற்றியில் கை வைத்து, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய என்னவோ முணுமுணுத்தாள். பிறகு திரும்பி வந்து என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, வாய்க்கு நேராக வைத்துக்கொண்டாள்.

"என் மாடு செத்துப்போச்சு" என்றாள் சத்தமாக. "லட்சுமி செத்துப்போச்சு. அவ போயி பத்து நாளாச்சு. செத்துதுன்னா செத்துது. பொழைக்கல."

வேலியோரம் ஒருத்தி "ஐயோ, அக்கா" என்றாள். மணியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எங்களுதும் ரெண்டு. செத்துதான் போச்சு, எழுதிக்கோ" என்றாள். அவளைத் தொடர்ந்து மற்ற பெண்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சொன்ன எல்லோரும் அத்தையைப் பார்த்துச் சொன்னார்கள், என் பக்கம் யாரும் திரும்பவில்லை.

அத்தை போனை என் உள்ளங்கையில் திருப்பி வைத்தாள்.

"சொல்லிட்டேன். சொல்லக்கூடாதத உனக்காகச் சொல்லிட்டேன். செவலைக்கு ஊசி வந்துருமா?"

"வந்துரும் அத்தை, வெள்ளிக்கிழமை..."

"நீ சொல்லாதே" என்றாள். பிறகு பிரேமலதாவின் பக்கம் திரும்பினாள். "டாக்டரம்மா, நீ சொல்லு."